கால் சுற்றுக் கழிவு

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மனிதன் எவ்வளவு யோக்கியன் என்பதை அளந்து சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் நீதிபதி இல்லை, ஜோசியர் இல்லை, போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையாவும் இல்லை. டீசல் பம்பு மெக்கானிக். அளவுகோல், பிடி உடைந்து கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவரிடம் பதினைந்து வருடமாக வண்டி விடுகிறவர்களுக்கும் தெரியாது. ஊருக்கு அவர் கால்சுத்து பாய். கம்பத்திலிருந்து கேரளா பார்டருக்கு மலையேறும் ரோட்டில், ஒரு டயர் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் அவருடைய தகர ஷெட் இருக்கிறது. போர்டில் 'பம்பு, நாசில்' என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குக் கீழே இருந்த போன் நம்பரை அவரே பெயின்ட் அடித்து அழித்துவிட்டார். கேட்டால், "போன்ல பேசினா ஆளப் பாக்க முடியாதுல்ல" என்பார்.

ஏன் கால்சுத்து என்று சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் வண்டிகளில் என்ஜினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைப் பம்பின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கும். அதை உள்ளே திருகினால் டீசல் கூடும், வண்டி நன்றாக இழுக்கும். ரொம்பத் திருகினால் கரும்புகை கக்கும், என்ஜின் சூடேறும், பிஸ்டனுக்கே ஆபத்து. வெளியே திருகினால் புகை போய்விடும். கூடவே இழுவையும் போய்விடும். இப்போது வருகிற சென்சார் வண்டிகளில் இந்த வம்பு இல்லை. ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளும் திராட்சை ஏற்றுகிற பிக்கப்புகளுமாகப் பழைய பம்பு வண்டிகள் எங்கள் பக்கம் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அத்தனைக்கும் இந்த ஒரு ஸ்க்ரூதான் தலையெழுத்து.

அந்த ஸ்க்ரூவைப் பாய் கால் சுற்றுக்கு மேல் திருக மாட்டார். அழுதாலும் சரி, எம்.எல்.ஏ.விடமிருந்து போன் வந்தாலும் சரி. "அண்ணே, மேட்டுல வண்டி நிக்குதுண்ணே" என்றால் உள்ளே ஒரு கால். "புகை அள்ளுது பாய்" என்றால் வெளியே ஒரு கால். பிறகு நட்டை முறுக்கிவிட்டு, "போயி டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள தொடச்சு வைக்கிறேன்" என்று நம்மை அனுப்பிவிடுவார்.

இந்தப் பெயரால் ஒருமுறை பெரிய குழப்பமே வந்தது. தேவாரத்திலிருந்து ஒரு பெரியவர் கால் சுளுக்கி வீங்கிப்போய், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். கம்பத்தில் 'கால் சுத்துறதுல' கெட்டிக்காரர் ஒருத்தர் இருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பி, மூலிகைக் கட்டுப் போடுகிற வைத்தியர் என்று நினைத்து வந்திருக்கிறார். பாய் அவரை உட்காரவைத்து, வீக்கத்தை நிதானமாகப் பார்த்து, "எங்கன வச்சு விழுந்தீக?" என்று விசாரித்து, கடைசியில், "அய்யா, எனக்குத் தெரிஞ்சது டீசலுக்குக் கால். இந்தக் காலுக்கு ஆசுபத்திரிதான்" என்றார். அப்போது வேலை முடிந்து டிரயலுக்கு நின்ற ஒரு ஜீப்பில் அவரையே ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஜீப்புக்கும் டிரயல் பார்த்த மாதிரி ஆயிற்று.

டிரயல் என்றதும் இன்னொன்று. பாய் எந்த நாளும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலிதான். டீசலில் புரளுகிற வேலைக்கு அந்த உடுப்பு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தெரியாது. டிரயலுக்குப் போகும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார மாட்டார். பிக்கப்பின் பின்னால் ஏறி, புகையைப் பார்ப்பதற்காகப் பின்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ரேஸ் கூட்டு என்று டிரைவருக்குச் சொல்ல வலது கையைத் தலைக்குமேல் தூக்குவார். குறை என்றால் இரண்டு கையையும் சேர்த்துக் கீழே இறக்குவார். ஒரு எலெக்ஷன் சமயம் அப்படியே கூடலூர் வரைக்கும் போய்விட்டு வந்தார். ரோட்டோரம் நின்ற பாதிப் பேர் கும்பிட்டார்கள், ஒரு அம்மா ஓடிவந்து தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொன்னார். பாய், "அழுத்தம் பத்தல போல, வால்வைப் பாக்கச் சொல்லுங்க" என்று பொறுப்பாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் வெளியே தெரிந்த பாய். உள்ளே இருந்த பாய் வேறு.

அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சம்பந்தமே இல்லாத கேள்விகளாகக் கேட்பார். "கையில வாட்ச் சரியான டைமா, அஞ்சு நிமிசம் கூட்டி வச்சிருக்கீகளா?" என்பார். "ஓட்டல்ல சாம்பார் வச்சா ருசி பாத்துட்டு உப்புப் போடுவீகளா, பாக்காமலே போடுவீகளா?" என்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "ம், கால் ஆளு" அல்லது "அரை ஆளு" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். அது அவருடைய ஏதோ ஒரு பேச்சுப் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த முணுமுணுப்புக்கு ஊரில் ஒரு மதிப்பும் இருந்தது. சின்னமனூரில் கல்யாண வயதில் மகள் இருந்த ஒருவர், உத்தமபாளையத்து ஜீப் டிரைவர் ஒருத்தனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் பாயிடம் வந்து விசாரித்தார். பாய் பம்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பய கால்தான். தாராளமாக் குடுக்கலாம். அரைன்னா யோசிங்கம்பேன்" என்றார். கல்யாணம் நடந்து இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த மாப்பிள்ளை கால் என்பதன் பொருள் என்ன என்று இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பொருள் இதுதான். பம்பு வேலை முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிற எவனும் சும்மா இருக்க மாட்டான். 'பாய் கால் வச்சாரு, இன்னொரு கால் வச்சா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்ல' என்று தோன்றும். ஊர் எல்லை தாண்டியதும் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, தன் பங்குக்கு ஒரு கால் திருகுவான். அது பாய்க்குத் தெரியும். ஆகவே நம்மை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நாம் திருகப்போகிற அளவை முன்கூட்டியே கழித்து வைத்துவிடுவார். கமிஷன் மண்டியில் அழுகலுக்கு என்று எடையில் கழிவு போடுகிற மாதிரி, அவர் ஆளுக்குக் கழிவு போட்டார். கால் ஆளுக்குக் கால் கழிவு. அரை ஆளுக்கு அரை. போடியில் ஒரு வண்டிக்கு அஞ்சு அண்ணன் தம்பிகள் ஓனர்கள், அதற்கு ஒன்றேகால் கழிவு. அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகவே இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. அஞ்சு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் கைவைத்து முடித்த பிறகு போடி மேட்டில் குதிரையாக ஏறியதாம்.

திருகியவர்கள் எல்லோரும், "பாய் வச்சதுல ஒண்ணுமில்ல, நான் வச்ச அந்தக் கால்லதான் சூட்சுமமே" என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொள்வார்கள். பாய் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "அப்படியா, நல்ல மூளைப்பா ஒனக்கு" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான் என்று பாய் வீட்டம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார். "பிரியாணிக்கு உப்பு எடுத்துக் குடுங்கன்னா நான் கூட ஒரு கை போடுவேன்னு பாதி உப்புதான் குடுப்பாக. நான் போட மாட்டேன். முப்பது வருசமா எங்க வீட்டு பிரியாணியில உப்புப் பத்தாது."

இந்தக் கழிவு ரகசியம் அப்போது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியவந்த கதைதான் என் வாழ்க்கையே தப்பிய கதை.

நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த மசாலா கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகைக்கு எழுதுகிற இந்த வேலையெல்லாம் அப்போது இல்லை. என் மனைவி செல்வியின் தம்பி ரத்தினமும் நானும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப்பை வாங்கினோம். பின்கதவில் 'அம்மன் துணை' என்று எழுதியிருந்ததில் அம்மன் உதிர்ந்துபோய்த் துணை மட்டும் மிச்சமிருந்தது. "இதுவும் போச்சுன்னா நீங்க திருப்பூருதான்" என்று செல்வி சொல்லியிருந்தாள். அங்கே அவளுடைய சித்தப்பா ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

வாங்கிய வாரமே பாயிடம் கொண்டுபோனோம். பாய் எங்கள் இருவரையும் விசாரித்தார். என் வாட்ச் அஞ்சு நிமிடம் கூடுதல். ரத்தினம் உப்பை ருசி பார்க்காமல் போடுகிறவன். டீ குடிக்கப் போனோம், வந்தோம், வண்டியை எடுத்தோம். ஊர் எல்லையில் நான் ஒரு கால் திருகினேன். மறுநாள் ரத்தினம் எனக்குத் தெரியாமல் ஒரு கால் திருகினான். கழிவு சரியாகப் போயிற்று, வண்டியும் பிரமாதமாக ஓடியது. அதன் பிறகுதான் பாண்டி என்று ஒரு டிரைவரைச் சேர்த்தோம். அவன் வந்த அன்றே ஒரு கால் திருகினான். அது பாயின் கணக்கில் வராத கால்.

அது எங்கே வெளிப்பட்டது என்றால், என் மகளின் காதுகுத்தில். தாய்மாமன் என்ற முறையில் ரத்தினம் சீர் கொண்டுவந்தான். பழத்தட்டு, பட்டுப்பாவாடை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் எங்கள் பிக்கப்பிலேயே அலங்காரமாக அடுக்கி, முன்னால் கொட்டுமேளம், நடுவில் பிக்கப், பின்னால் வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக மொத்தச் சொந்தமும் நடந்து வந்தது. பாண்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொட்டுச் சத்தத்துக்குத் தகுந்த மாதிரி ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பந்து கரும்புகை. கோயில் வாசலுக்கு வந்து இறங்கிப் பார்த்தால் பின்னால் வந்த அறுபது பேரில் யார் பெரியப்பா யார் சின்னப்பா என்று தெரியவில்லை. ஆல்பத்தில் இன்றைக்கும் பற்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்கிறோம்.

அன்று சாயங்காலம் செல்வி எங்கள் மூன்று பேரையும் அதே கோயிலில் அம்மன் சன்னதி முன்னால் வரிசையாக நிறுத்தினாள்.

"ஏலே ரத்தினம், நீயா அந்த ஸ்க்ரூவத் தொட்ட?"

"நான் ஒரு காலுதான்க்கா. மச்சான் எம்புட்டுத் திருகினாகளோ தெரியல."

"அக்கா, நானும் ஒரு காலுதான்" என்றான் பாண்டி. நானும் ஒரு கால்தான் என்றேன்.

செல்வி ஒரு தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இனி அந்த ஸ்க்ரூவைத் தொடுவதில்லை என்று மூன்று பேரும் சூடம் அணைத்தோம். பாண்டிக்குக் கை பொரிந்துவிட்டது. பாவம், அவன் சத்தியத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் செய்தான்.

நாலு நாள் கழித்து ஒரு போன் வந்தது. மலைக்கு மேலே, கேரளாவில் கட்டப்பனையில் ஒரு காய்கறி வியாபாரி. கம்பத்திலிருந்து தினமும் காலையில் காய் ஏற்றிவர ஒரு வண்டி வேண்டும். தினசரி நடை, மழை வெயில் என்று பாராமல். "ஒம்பது மணிக்கு வண்டி கடைக்கு முன்னாடி வேணும், கேட்டோ. முதல் நாளே வரலெங்கில் வேற ஆளு" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார். செல்வி அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள். திருப்பூர்ப் பேச்சு நின்றது.

மலையேற்றத்துக்கு வண்டியைச் சரிசெய்ய மறுபடி பாயிடம் போனோம். பாய் பம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இப்ப எத்தனை பேரு கை படும் வண்டியில?" என்றார். பாண்டியையும் சேர்த்து மூன்று பேர் என்றோம். பாண்டியை ஸ்டூலில் உட்காரவைத்து விசாரித்துவிட்டு, மூன்று பேரையும் டீக்கு அனுப்பினார். சூடம் அணைத்த விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. டீசல் பம்புக்கும் அம்மன் சன்னதிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

காலி வண்டியாக வீட்டுக்கு வரும்போது புகையே இல்லை. ஊதுபத்திக்குக்கூட அதைவிடப் புகை வரும். "கொஞ்சம் மந்தமா இருக்குண்ணே" என்று பாண்டி மட்டும் இழுத்தான். "தொடக்கூடாதுப்பா" என்று நானும் ரத்தினமும் ஒரே குரலில் சொன்னோம்.

முதல் நடை. விடியும்போது தக்காளி, முருங்கைக்காய், பீட்ரூட், மேலே பத்து வாழைத்தார் ஏற்றிக் கிளம்பினோம். மலையடிவாரம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். முதல் வளைவில் பாண்டி செகண்டுக்கு வந்தான். இரண்டாவது வளைவில் முதல் கியர். மூன்றாவது வளைவில் முதலுக்கும் கீழே கியர் இருக்கிறதா என்று தேடினான். வண்டி முக்கியது, முனகியது, நின்றது. ரத்தினம் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தான். பின்னால் வந்த ஏலத்தோட்ட ஜீப்புகள் எங்களைத் திட்டிவிட்டு ஒதுங்கிப் போயின. மணி ஆறரை.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"மச்சான், நீங்க எதுவும் தொட்டீகளா?"

"சூடம் அணைச்சிருக்கேன் மாப்ள" என்றேன். என் குரல் கொஞ்சம் அதிகமாகவே கணீர் என்று வந்தது.

டீக்கடைக்காரரிடம் வாங்கி வைத்திருந்த நம்பரில் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், வண்டி ஏறல. மூணாவது வளைவுல நிக்குது."

"ஏறலியா?" பாய் யோசித்தார். "எத்தனை பேரு தொட்டீக?"

"யாரும் தொடல பாய்."

எதிர்முனையில் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு காலாச்சும் வச்சிருப்பீகள்ல?"

"இல்ல பாய். மூணு பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்கோம்."

"அடப் பாவிகளா" என்றார் பாய். அவ்வளவு வேதனையான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டீகளா?"

பாண்டி போனைப் பிடுங்கி, "பாய், ஒரு வார்த்த சொல்லுங்க, நானே இங்கன வச்சு ஒரு கால் வச்சிர்றேன்" என்றான்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன். சாமி முன்னாடி சொல்லியிருக்கீகள்ல? கல்லு நல்லா வச்சு நிறுத்துங்க. நான் வாரேன்."

ஏழு மணிக்கு வந்துவிட்டார். பால்காரர் ஒருவருடைய பைக்கில், இரண்டு கேன்களுக்கு நடுவில், வெள்ளைச் சட்டை வெள்ளைக் கைலியில். இறங்கியதும் வண்டியைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் மிருகக்காட்சிசாலையில் புதிதாக வந்த பிராணியைப் பார்க்கிற மாதிரி சுற்றிவந்து பார்த்தார். அப்புறம்தான் கழிவு விஷயத்தைச் சொன்னார். ஆளுக்குக் கால் வீதம் முக்கால் சுற்றுக் குறைத்து வைத்திருந்தாராம்.

ரத்தினத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அப்ப எங்கள மூணு பேரையும் களவாணிப் பயலுகன்னு நெனச்சீகளா பாய்?"

"களவாணின்னு யாருப்பா சொன்னா? ஆர்வம்னு நெனச்சேன். முப்பது வருசத்துல இந்தக் கணக்கு ஒரு வண்டிக்குத் தப்பல. ஒங்களுக்குத்தான் தப்பிருச்சு." அதை அவர் குற்றமாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. "வெரசா பானெட்டத் தூக்குங்க."

அவர் குனிந்து, செல்போன் வெளிச்சத்தைப் பம்பின் பின்பக்கம் அடித்தார். ஸ்க்ரூவைப் பூட்டியிருக்கும் நட்டில் ஸ்பானரை வைக்கப்போன கை அப்படியே நின்றது.

நான் மட்டும் பானெட்டை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். செல்விக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.

முதல் நடைக்கு இரண்டு நாள் முன்னால், நண்பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் பானெட்டைத் தூக்கினேன். பாண்டி மந்தம் என்று சொன்னது என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. சத்தியம்? அதையும் யோசித்தேன். சூடத்தை அணைத்தது வலது கை. ஆகவே இடது கையால் திருகினால் சத்தியத்தில் அது வராது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். கணக்கெழுதியவன் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் இடது கையில் எனக்கு வலு கிடையாது. ஸ்பானர் வழுக்கி நட்டின் முனையைச் சீவிவிட்டு, என் விரல் முட்டியைக் கம்பியில் கொண்டுபோய் மோதியது. நட்டு அசையவே இல்லை. தேங்காய் துருவும்போது பட்டது என்று செல்வியிடம் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் நான் தேங்காய் துருவியதே இல்லை என்பது நல்லவேளையாக அவளுக்கு நினைவு வரவில்லை.

இப்போது அந்தப் புதுக் கீறல் செல்போன் வெளிச்சத்தில் வெள்ளியாக மின்னியது. பாய் தலையை நிமிர்த்தி எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்தினத்தின் கை, பாண்டியின் பொரிந்த கை. பிறகு பிளாஸ்திரி ஒட்டிய என் இடது கை. அதைப் பின்னால் மறைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரத்தினம் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வண்டியில் ஏற மாட்டான். சத்தியத்தை மீறியவன் என்று செல்விக்குத் தெரிந்தால் நடையும் போச்சு, மானமும் போச்சு. நானே திருப்பூருக்கு டிக்கெட் எடுத்துவிடலாம்.

பாய் கட்டைவிரலால் கிரீஸைத் தொட்டு நட்டின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். கீறல் மறைந்தது.

"தம்பி, கையில என்ன?"

"தேங்கா துருவினேன் பாய்."

"தேங்கா பொல்லாதது" என்றார். "மருந்து போடுங்க, சீழ் பிடிக்கப்போகுது."

அப்புறம் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். கால் சுற்றுக்கு மேல் போகாத அந்தக் கை அன்றைக்கு மூன்று தரம் திரும்பியது. ஒரே மூச்சில் இல்லை, தவணையாக. ஒரு கால் திருகி, "இது மாப்பிள்ளைக்கு" என்றார். ரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினான். இன்னொரு கால் திருகி, "இது பாண்டிக்கு" என்றார். மூன்றாவதுக்கு ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு என் பிளாஸ்திரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இது தம்பிக்கு" என்று திருகி, நட்டை முறுக்கினார்.

ஸ்டார்ட் செய்ததும் லேசாக ஒரு சாம்பல் புகை வந்து அடங்கியது. முதல் கியரில் வண்டி உறுமிக்கொண்டு மேலேறியது. பாயும் எங்களோடு முன்சீட்டில் நசுங்கிக்கொண்டு வந்தார். பின்னால் வாழைத்தார் இருந்ததால் நிற்க இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் பழக்கதோஷத்தில் வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார், கூரையில் இடித்துக்கொண்டார். கட்டப்பனைக் கடை முன்னால் வண்டியை நிறுத்தும்போது வியாபாரி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். "சமயத்தினு எத்தி, கொள்ளாம்" என்றார். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், பரவாயில்லை என்று அர்த்தமாம். பாய்தான் மொழிபெயர்த்தார். பிறகு நான்கு பேரும் மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். பாய் ருசி பார்க்காமல் உப்புப் போட்டுக்கொண்டார்.

அந்த நடை இன்னும் ஓடுகிறது. நான் திருப்பூரைப் பார்த்ததே இல்லை. என் மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள், தினமும் நான்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருகிறேன்.

ஆனால் அந்தக் கீறல் என் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதம் கழித்து, டீசலைப் பீய்ச்சுகிற நாசில் வேலைக்கு வண்டியை விடும்போது வேண்டுமென்றே தனியாகப் போனேன். பாய் வேலையை முடித்துப் பம்பு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னைக்கு அந்த நட்டுல ஒரு கீறல் இருந்துச்சுல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கை ஆறிருச்சா?"

"ஆறிருச்சு பாய்."

"அப்பறம் என்ன? வண்டிய எடுங்க. நாளைக்கு நடை இருக்குல்ல."

வண்டியை எடுத்தேன். மறுநாள், நாங்கள் யாரும் கை வைக்காமலே, லோடோடு மூன்றாவது வளைவில் அது நிற்காமல் ஏறியபோதுதான் எனக்குப் புரிந்தது, பாய் பம்பில் ஒரு கால்கூடக் குறைத்து வைக்கவில்லை. நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் என்னை முழுசாக நம்பி வண்டியைக் கொடுத்திருந்தார். பாண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி, மூக்கைச் சிந்தினேன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொன்னேன்.